கெள எதிர் கௌ

“சார், உங்க பிராதுல ‘அ’ அட்டவணையும் ‘ஆ’ அட்டவணையும் ஒண்ணாவே இருக்கே. இதுல நான் எதை நிறுத்தணும்?”

விழுப்புரம் மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி இப்படிக் கேட்டபோது நான் கொஞ்சம் அலட்சியமாகத்தான் எழுந்தேன். “‘அ’ வாதியோட இணைய முகவரிங்க ஐயா. ‘ஆ’ பிரதிவாதி ஆரம்பிச்ச போலி முகவரி. ‘ஆ’வுக்குத்தான் தடை கேக்கறோம்.”

அவர் பிராதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டு வரியும் எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி ஒன்று. அந்தத் தாளின்படி, என் கட்சிக்காரர் தன் சொந்தக் கடையை நடத்தக் கூடாது என்று நானே தடை கேட்டிருந்தேன். பின்பெஞ்சில் இரண்டு ஜூனியர்கள் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

திருத்த மனு போட்டுக்கொள்வதாகச் சொல்லி ஒரு வாரம் வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் தூணோரம் நின்றிருந்த கட்சிக்காரர் ஓடி வந்தார்.

“இன்னா சார் ஆச்சு? ஸ்டே குடுத்துட்டாரா?”

“குடுத்திருந்தா உங்க மேலதான் குடுத்திருப்பாரு. போய் டீ சாப்பிடுவோம், வாங்க.”

கட்சிக்காரரின் பெயரையோ அவர் கடையின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. கடைப் பெயரின் முதல் எழுத்து ‘கௌ’ என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். வழக்கே அந்த ஓரெழுத்துதான்.

பனமலைக்காரர். சொந்த நிலத்தில் மல்லாட்டை போடுகிறவர். மணிலா, வேர்க்கடலை, நிலக்கடலை என்று மற்றவர்கள் என்ன சொன்னாலும் எங்கள் பக்கத்தில் அது மல்லாட்டைதான். வியாபாரி கேட்கும் விலைக்கு மூட்டையைத் தூக்கிக் கொடுத்து அலுத்துப்போய், வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு வாகை மரத்தில் ஒரு செக்கு வைத்தார். மாட்டுக்குப் பதில் மோட்டார். பி.காம் முடித்த மகள் 2016-இல் அந்தக் கடைக்கு இணையத்தில் ஒரு முகவரி வாங்கினாள். ஆங்கில எழுத்தில் பெயரை எழுதினால் ‘கௌ’வுக்கு மூன்று விதமாக எழுத்துக் கூட்டலாம், வருகிறவர்களுக்குக் குழப்பம், தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே எழுதிவிடுவோம் என்பது அவள் கணக்கு. முகவரி முழுக்கத் தமிழ் எழுத்து. கடைசியில் வரும் முடிவு மட்டும் எல்லோரும் வாங்கும் பொதுவான ஆங்கில முடிவு.

2017 தை மாதம் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டம் கலைந்தபின் நாட்டுச் சரக்கின் மேல் ஊருக்கே ஆசை வந்தது. நாட்டு மாட்டுப் பால், நாட்டுச் சர்க்கரை, மரச்செக்கு எண்ணெய். பனமலைக் கொட்டகையிலிருந்து சென்னைக்குத் தகரம் தகரமாகப் போயிற்று. ஆடி பிறக்கும் வேளையில் தொலைபேசியில் வசவு வரத் தொடங்கியது. “பணம் கட்டி எண்ணெய் வந்தது, மல்லாட்டை வாசனையே இல்லையே” என்று தாம்பரத்திலிருந்து ஓர் அம்மாள். “தகரத்துல உங்க சீட்டு ஒட்டியிருக்கு, உள்ள கடை எண்ணெய்” என்று இன்னொருவர். அவர்கள் பணம் கட்டிய கணக்கு என் கட்சிக்காரருடையது அல்ல. முன்பு இவரிடமே எண்ணெய் வாங்கி விற்றுக்கொண்டிருந்த திண்டிவனத்து வியாபாரி ஒருவருடையது.

முதலில் போலீசுக்குத்தான் போனார்கள். ஏமாற்றுதலுக்கு 420, கணினி வழியாக வேறொருவராக நடித்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-டி என்று மனுவிலேயே பிரிவு போட்டுக் கொடுத்திருந்தேன். புகாரை வாங்கியவர் இரண்டு முகவரியையும் பார்த்துவிட்டு, “ஒரே அட்ரஸை ரெண்டு தபா எழுதிக்கினு வந்திருக்கீங்களே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். சிவில் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீறாப்பாகக் கிளம்பிவிட்டேன்.

பதிவு செய்யாத பெயராக இருந்தாலும், பிறர் சரக்கைத் தன் சரக்கென்று காட்டி விற்பவனைத் தடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆங்கிலத்தில் பாசிங் ஆஃப் என்பார்கள். 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 134-ஆம் பிரிவின்படி இந்த வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போட முடியாது. பிரதிவாதி இருப்பது திண்டிவனம், அதுவும் விழுப்புரம் மாவட்டம். அதனால் எல்லைத் தகராறு இல்லை. இணையப் பெயர்களுக்கென்றே 1999 முதல் இருக்கும் பன்னாட்டுத் தகராறு முறை ஒன்றும் உண்டு. ஜெனீவாவில் இருக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் மனுப் போடலாம். ஒரு நடுவர் போதுமென்றால் கட்டணம் 1,500 டாலர். “டாலரா!” என்று கட்சிக்காரர் எழுந்துவிட்டார். அந்த முறையில் பெயரை மாற்றித் தருவார்கள், இல்லையேல் ரத்து செய்வார்கள். நட்டஈடு கிடைக்காது. நமக்கு விழுப்புரமே போதும் என்று பிராது போட்டேன். போட்ட லட்சணத்தைத்தான் முதலிலேயே சொன்னேன்.

வாய்தா வாங்கிய அன்று இரவு அந்தப் பெண் மடிக்கணினியோடு என் அலுவலகத்துக்கு வந்தாள். கூடவே அப்பா. நான் பிராதைப் பிரித்துக் கடுகடுவென்று கேட்டேன். “பாப்பா, ரெண்டும் ஒரே பேரா இருந்தா ரெண்டு பேருக்கு எப்படிக் கொடுத்தான்? ஒரு சர்வே நம்பருக்கு ரெண்டு பட்டா குடுத்த கதையா இருக்கே.”

“ரெண்டும் வேற வேற நம்பர் சார்.”

அவள் ஒரு வெள்ளைத் தாளில் எழுதத் தொடங்கினாள். அன்று அவள் நடத்திய பாடத்தைப் பின்னால் நானும் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். இணையப் பெயர்களை வழிநடத்தும் ஏற்பாடு முதலில் 37 குறிகளுக்காகக் கட்டப்பட்டது. ஆங்கில எழுத்து 26, இலக்கம் 10, ஒரு சிறு கோடு. உலகத்தின் மற்ற எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. 1998 வாக்கில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயும் அவருடன் இருந்தவர்களும் பிறமொழி எழுத்துகளில் முகவரி அமைக்கும் சோதனைகளைத் தொடங்கினார்கள். 2003-இல் பொது விதி வந்தது. 2010-இல் அதைத் திருத்தினார்கள். அடியில் இருக்கும் பழைய ஏற்பாட்டை யாரும் இடிக்கவில்லை. தமிழில் எழுதிய பெயரை ஒரு கணக்குப் போட்டு ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றி அதற்குள் அனுப்புகிறார்கள். அந்தக் கோவை ‘எக்ஸ்-என்’ என்ற இரண்டு எழுத்திலும் இரண்டு கோட்டிலும் தொடங்கும். கணக்கின் பெயர் பியூனிகோட். நாம் திரையில் பார்ப்பது தமிழ். கம்பியில் ஓடுவது அந்தக் கோவை.

அந்தக் கணக்குக்கு உள்ளே போவது எழுத்தின் வடிவம் அல்ல, எழுத்தின் எண். யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். க-வுக்கு 2965. ள-வுக்கு 2995. கெ-யில் இருக்கும் ஒற்றைக் கொம்புக்கு 3014. ஔகாரக் குறி முழுவதுக்கும் சேர்த்து ஒரே எண், 3020.

“சார், ஒரு பேர்ல ‘கௌ’ங்கறது 2965, 3020. ரெண்டே எண். இன்னொண்ணுல 2965, 3014, 2995. மூணு எண். க, கொம்பு, ள.”

“ஆனா பார்க்க ஒண்ணா இருக்கே.”

“ஔகாரக் குறியோட வலது பாதியும் ள மாதிரிதான சார் இருக்கு. ஃபான்ட் செய்யறவங்க ரெண்டுக்கும் ஒரே உருவத்தைப் போட்டுடறாங்க.”

கொக்கி இங்கேதான் இருக்கிறது. ஔகாரக் குறியின் வலது பாதிக்கென்று ஒருங்குறியில் தனியாக இன்னோர் எண்ணும் உண்டு, 3031. கொம்பையும் அதையும் தனித்தனியாக எழுதினால் முகவரி விதி அவற்றைச் சேர்த்து 3020 ஆக்கிவிடும். இரண்டு முறையில் எழுதினாலும் ஒரே பெயர்தான், பழுதில்லை. 3014-க்குப் பக்கத்தில் 2995 வந்தால் மட்டும் விதி கை வைக்காது. ஏனென்றால் ள என்பது உண்மையான எழுத்து. கெளுத்தி மீனில் கெ-யும் ளு-வும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. இயந்திரம் தானாக ஒட்டப் போனால் ஏரியில் கெளுத்தியே இருக்காது.

எனக்குப் புரிந்துவிட்டது. மேசையைத் தட்டினேன். “அப்போ அந்தத் திண்டிவனத்தான் ள போட்டு ஏமாத்தியிருக்கான். நாளைக்கே திருத்த மனு!”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “இல்ல சார். ள போட்டது நாம.”

அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“அவங்களுதுதான் சரியான ‘கௌ’. நம்முது க, கொம்பு, ள. பேரைப் பதிய சென்டர்ல குடுத்தப்போ அங்க இருந்தவர் அப்படி அடிச்சிட்டார். இன்னிக்குத்தான் பார்த்தேன்.”

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் பிராதை அடித்தவரும் அதே தப்பைத்தான் செய்திருந்தார், அதுவும் இரண்டு அட்டவணையிலும். கோர்ட் வாசலில் முப்பது வருஷமாகத் தட்டச்சு அடிப்பவர் அவர். தமிழ் ஹையர் பாஸ் பண்ணியவர். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ஔகாரக் குறிக்குத் தனி விசை கிடையாது. கொம்பை அடி, க-வை அடி, ள-வை அடி, ‘கௌ’ வந்துவிட்டது. தாளில் விழுந்த மைக்கு அதற்கு மேல் கணக்கு இல்லை. கணினி வந்தபோது விரல் பழக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று அதே விசை வரிசையில் எழுத்துருக்கள் வந்தன. அவர் இன்னும் வைத்திருந்தது அப்படி ஒரு பழைய எழுத்துரு. அதில் அடித்தால் நம் கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்தும் குறியும். 1999-இல் வந்த தமிழ்நெட் விசைப்பலகையில் ஔவுக்குத் தனி விசை இருக்கிறது. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணையும் போட்டது. அந்த ஆணை விழுப்புரம் கோர்ட் வாசல் மரத்தடிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வழக்கின் நிறம் மாறிவிட்டது. எழுத்துப் பிழையாகப் பெயர் வைத்த என் கட்சிக்காரர் உண்மையானவர். பிழையில்லாமல் எழுதியவர் போலி. இதை எப்படி ஒரு நீதிபதியிடம் சொல்வது?

வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்பு பனமலைக்குப் போனேன். செக்கைப் பார்க்க வேண்டும், பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் கட்சிக்காரர், “மேல கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம் சார், ஏரி தெரியும்” என்றார்.

குன்றின் மேல் தாளகிரீசுவரர் கோயில். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. வடபுறச் சிற்றாலயச் சுவரில் தலைக்கு மேல் குடையோடு உமை சாய்ந்து நிற்கும் ஓவியத்தைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பனமலைக்கு இரண்டு பெயர் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. வடமொழியில் தாளம் என்றால் பனை, கிரி என்றால் மலை. தாளகிரியும் பனமலையும் ஒரே இடத்தை இரண்டு மொழியில் சொல்வதுதான். ஒலியில் ஓர் எழுத்துகூடப் பொருந்தாத இந்த இரண்டு பெயரையும் ஊர் ஒன்றாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது.

கல்லில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு மூன்று எழுத்து தெரிந்ததுபோல இருந்தது. தமிழென்றே நினைத்தேன். கூட்டிப் பார்த்தால் சொல் வரவில்லை. மொழி வடமொழி, எழுத்து பல்லவர் கிரந்தம். தமிழுக்கும் கிரந்தத்துக்கும் சில எழுத்துகள் ஏறக்குறைய ஒரே சாயல். இந்தச் சாயல் 2010-இல் பெரிய சர்ச்சையாகவே கிளம்பியது. கிரந்தத்துக்கு ஒருங்குறியில் இடம் கேட்டபோது எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழ் எழுத்துகளையும் அதற்குள் சேர்க்க யோசனை வந்தது. தமிழறிஞர்கள் எதிர்த்தார்கள், தமிழக அரசும் மத்திய அரசுக்கு எழுதியது. கிரந்தம் ஒருங்குறியில் ஏறியது 2014-இல். தமிழ் எழுத்துகளுக்கு எட்டாத தொலைவில் தனிக் கட்டமாக.

இதே ராஜசிம்மனுக்கு உரியதாகச் சொல்லப்படும் சாளுவன்குப்பம் அதிரணசண்ட மண்டபத்தில் ஒரே கல்வெட்டு, ஒரு பக்கம் கிரந்தத்திலும் மறுபக்கம் நாகரியிலும் வெட்டப்பட்டிருக்கிறது. எந்த எழுத்தைப் படிப்பவன் வந்தாலும் அதே அரசனின் பெயரைப் படிக்க வேண்டும் என்பது நோக்கம். எழுத்து வேறு, பெயர் ஒன்று. என் வழக்கில் எழுத்தும் ஒன்று, பெயரும் ஒன்று, எண் மட்டும் வேறு. அப்படியானால் எண்ணைப் பெயரின் இலக்கணமாகக் கொண்டுபோய் நீதிபதி முன் வைக்கக் கூடாது. எந்தக் கதவு யாருடையது என்று காட்ட மட்டும்தான் எண். கடை யாருடையது என்று காட்ட, வாங்க வந்தவனின் கண்ணும் காதும் போதும். படி இறங்கும்போது வாதம் கையில் இருந்தது.

மறுபடி வழக்கு வந்த நாளில் திருத்திய பிராதைக் கொடுத்தேன். இந்த முறை அட்டவணைகளில் தமிழ்ப் பெயருக்குக் கீழே அந்த ஆங்கிலக் கோவையும், அதற்குக் கீழே எண் வரிசையும் இருந்தன. கூடவே சாட்சியச் சட்டம் 65-பி பிரிவின்படி அந்தப் பெண் கையெழுத்திட்ட சான்று. மின்னணு ஆவணத்துக்கு இந்தச் சான்று கட்டாயம் என்று 2014-இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இப்போது அதன் இடத்தில் 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு நிற்கிறது.

எதிர்த்தரப்பு வக்கீல் எனக்கு மூத்தவர், தமிழ் படித்தவர். எழுந்ததும் நேராக அடிமடியில் கை வைத்தார். “ஐயா, வாதியின் முகவரியை எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘கெ’, ‘ள’ என்று வருகிறது. அப்படி ஒரு சொல் தமிழிலேயே இல்லை. என் கட்சிக்காரர் தொல்காப்பியர் ஒத்துக்கொள்ளும் ‘கௌ’வில் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெயர் காலியாக இருந்தது, பணம் கட்டி வாங்கினார். தன் பெயரைப் பிழையாக எழுதியவர், சரியாக எழுதியவரைத் தடுக்க முடியுமா?”

நீதிபதி என்னைப் பார்த்தார். “முதல்ல எனக்கு ஒண்ணு புரியணும். ரெண்டும் வேறன்னு எப்படி நம்பறது? காட்டுங்க.”

எதிர்த்தரப்பின் சம்மதத்தோடு அந்தப் பெண் மடிக்கணினியை மேடையில் வைத்தாள். இரண்டு முகவரியிலிருந்தும் முதல் எழுத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாகப் பெரிய எழுத்தில் ஒட்டினாள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன.

“பின்னழிப்பு விசையை ஒரே ஒரு தடவை அழுத்துங்க ஐயா.”

அவரே அழுத்தினார். கீழே இருந்ததில் ‘க’ மட்டும் மிஞ்சியது. மேலே போய் ஒரு தடவை அழுத்தினார். அங்கே ‘கெ’ மிஞ்சியது. இன்னொரு தடவை அழுத்தினார், ‘க’ ஆயிற்று. ஒரு கணம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் பெஞ்ச் கிளார்க்கைக் கூப்பிட்டு, “இத்தப் பாருய்யா” என்றார். கோர்ட்டில் இருந்த எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பின்பெஞ்ச் ஜூனியர்கள் அன்று இருமவில்லை.

நான் எழுந்தேன். வாதியின் பெயரில் எழுத்துப் பிழை உண்டு என்று ஒப்புக்கொண்டேன். “ஆனால் எண்ணைப் பிரித்துப் பார்க்கும்வரை இந்தப் பிழை கனம் கோர்ட்டுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எதிர்க்கட்சி வக்கீலய்யாவுக்கும் தெரியாது. எண்ணெய் வாங்குகிற தாம்பரத்து அம்மாளுக்கு எப்படித் தெரியும்?” அமிர்ததாரா, லட்சுமண்தாரா என்ற இரண்டு மருந்துப் பெயர்கள் பற்றி 1962-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துவைத்தேன். பெயரைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்கக் கூடாது, அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வரும் சாதாரண ஆள் எப்படி எடுத்துக்கொள்வான் என்பதே அளவுகோல்.

பிறகு சத்யம் இன்ஃபோவே வழக்கு. அந்த நிறுவனம் 1999-இல் ‘சிஃபி’ என்று தொடங்கும் இணையப் பெயர்களைப் பதிவு செய்தது. 2001-இல் இன்னொரு நிறுவனம் ஆங்கிலத்தில் ஓர் ‘எஃப்’ கூட்டி அதே ஒலியில் பெயர் வாங்கி வியாபாரம் தொடங்கியது. பெங்களூர் சிட்டி சிவில் கோர்ட் தடை கொடுத்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது, 2004 மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நீதிபதி ரூமா பால் தீர்ப்பில் தடையை மீட்டுக் கொடுத்தது. இணையப் பெயர் வெறும் முகவரி அல்ல, வியாபாரத்தின் அடையாளம், அதற்கும் பாசிங் ஆஃப் சட்டம் பொருந்தும் என்று நம் நாட்டில் உறுதியானது அந்தத் தீர்ப்பில்தான். முதலில் கேட்டவனுக்கு முதலில் தருவது பதிவாளரின் வழக்கம். காலி என்று திரை காட்டுவதால் உரிமை வந்துவிடாது. “இங்கே ஒரு எஃப் கூடக் கூடவில்லையே ஐயா” என்று முடித்தேன். எதிர்த்தரப்பு இணையப் பக்கத்தில் இருந்த செக்குப் படத்தையும் காட்டினேன். அது பனமலைக் கொட்டகை. மூலையில் என் கட்சிக்காரரின் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே இடைக்கால உறுத்துக்கட்டளை கிடைத்தது. யார் முதலில் அந்தப் பெயரில் வியாபாரம் செய்தார் என்பதும் பார்ப்பவர் எதைப் பார்க்கிறார் என்பதும்தான் உத்தரவின் அடிப்படை. எண்கள் கடைசிப் பத்தியில் மட்டும் வந்தன, எந்த முகவரியை நிறுத்துவது என்று சொல்ல. முதல் நாள் அவர் கேட்ட கேள்விக்கு அவரே எழுதிய பதில்.

இந்தப் பிரச்சினை தமிழுக்கு மட்டும் வந்ததல்ல. இஸ்ரேலில் இரண்டு மாணவர்கள் மைக்ரோசாஃப்ட் பெயரில் சில எழுத்துகளுக்குப் பதில் அதே உருவில் உள்ள ரஷ்ய எழுத்துகளைப் போட்டுப் பதிவு செய்து, அதைப் பற்றி 2002-இல் எழுதிக் காட்டினார்கள். எங்கள் வழக்கு நடந்த அதே 2017-இல், ஏப்ரல் மாதம், ஆப்பிள் பெயரின் எழுத்துகள் எல்லாவற்றையும் ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்திலேயே எழுதி ஓர் ஆய்வாளர் உலவிகளை ஏமாற்றிக் காட்டினார். கூகுள் தன் உலவியைத் திருத்தியது. அங்கே இரண்டு மொழி எழுத்துகள் ஒரே உருவில் இருப்பதால் வந்த வினை. நமக்கு வெளியாள் தேவையில்லை. ஒருங்குறியில் தமிழ் இலக்கம் ௧ என்பதற்கு 3047, க-வுக்கு 2965. கண்ணுக்கு என்ன வித்தியாசம்? ஸ்ரீ என்ற எழுத்தை 3000-இல் இருக்கும் ஸ-வைக் கொண்டும் எழுதலாம், 2005-இல் சேர்த்த 2998-ஆம் எண் ஶ-வைக் கொண்டும் எழுதலாம். விழுப்புரத்தில் ஸ்ரீ இல்லாத கடைத்தெரு எது?

பின்னால் விதியும் வந்தது. இலங்கை 2010-இலும், இந்தியாவும் சிங்கப்பூரும் 2011-இலும் தங்கள் நாட்டுப் பெயரையே தமிழ் எழுத்தில் முகவரி முடிவாகப் பெற்றிருந்தன. அப்படிப்பட்ட முடிவுப் பெயர்களுக்காகத் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளின் விதித் தொகுப்பை இணையப் பெயர்களுக்குப் பொறுப்பான ஐகான் 2019-இல் வெளியிட்டது. ஔகாரக் குறியும் கொம்பு-ளகரமும் அதில் ஒன்றுக்கொன்று மாற்று. ஒருவர் ஒன்றை வாங்கினால் மற்றதை வேறொருவர் வாங்க முடியாது. இரண்டு ஸ்ரீயும் அப்படியே. இலக்கங்களுக்கு இடமே இல்லை. அது முடிவுப் பெயர்களுக்கான விதி. முடிவுக்கு முன்னால் வரும் பெயரில் என்ன செய்வது என்பது அந்தந்தப் பதிவகம் வைக்கும் சட்டம். தமிழில் பெயர் வாங்கப் போகிறவர்களுக்கு அதனால் நான் சொல்வது ஒன்றுதான். பணம் கட்டும் முன் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் பின்னழிப்பு விசையால் சோதித்துப் பாருங்கள். வாங்கியபின் அந்த ‘எக்ஸ்-என்’ கோவையை ஒரு தாளில் எழுதிப் பத்திரத்தோடு வையுங்கள்.

வழக்கு விசாரணைவரை போகவில்லை. திண்டிவனத்துக்காரர் ஆறு மாதத்தில் ராஜிக்கு வந்தார். முகவரியை மாற்றிக் கொடுத்தார், கொஞ்சம் பணமும் கொடுத்தார். இப்போது இரண்டு முகவரியும் என் கட்சிக்காரருடையவை. தப்பான ‘கௌ’வை விட்டுவிடலாமே என்று ஒருமுறை சொன்னேன். நான்கு வருஷமாக எல்லாரும் சேமித்து வைத்திருப்பது அந்த முகவரிதான், விட்டால் வேறு எவனாவது எடுத்துக்கொள்வான் என்றாள் மகள். சரியான ‘கௌ’வையும் விட முடியாது. புதிதாக அடிக்கிறவர்கள் அதைத்தான் அடிப்பார்கள். அதனால் வருஷத்துக்கு இரண்டு புதுப்பிப்புக் கட்டணம்.

“ஒரே பேருக்கு ரெண்டு வாடகை கட்டறவன் ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான் சார்” என்றார், போன தீபாவளிக்கு ஒரு தகரம் எண்ணெயோடு வந்தபோது. தகரத்தில் ஒட்டிய சீட்டில் கடைப் பெயர் பெரிதாக அச்சாகியிருந்தது. அது எந்தக் ‘கௌ’ என்று கேட்டேன். குனிந்து பார்த்தார், நானும் பார்த்தேன். தாளில் ஏறிவிட்டால் யாரால் சொல்ல முடியும்? மூடியைத் திறந்து காட்டினார். மல்லாட்டை வாசனை அறை முழுக்க வந்தது.